பெட்டிக்குள் கை போக வேண்டும்

(விழுப்புரத்தில் வாசக நண்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த நண்பர்கள், ‘டி.வி. பெட்டி நம்ம ஊருக்கு வந்த கதையைச் சொல்லுங்க’ என்றுதான் கேட்டார்கள். முப்பது வருஷம் திண்டிவனத்தில் ரேடியோவும் டி.வி.யும் ரிப்பேர் பார்த்தவனிடம் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் இப்போது என் அக்கா வீட்டுக் கூடத்தில் வேறொரு பெட்டி நிற்கிறது. நின்றபடி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி. ஆர்கேட் கேபினெட் என்பார்கள். அதற்கு ஒரு கதவும் ஒரு டிராயரும் வைக்க நாங்கள் பட்ட பாட்டைத்தான் இன்று பேசப்போகிறேன். ‘கதவு வைக்கிறதெல்லாம் ஒரு பேச்சா?’ என்று முன்வரிசையில் ஒருவர் முகம் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு வீடியோ கேம் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைதான் ஞாபகம் வரும். ஒரு டி.வி., அதில் மாட்டிய 8 பிட் செட்டு, கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருகுகிற பையன்கள். நான் சொல்லும் பெட்டி அதற்கு அண்ணன். ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த மர அலமாரி மாதிரி இருக்கும். கண் மட்டத்தில் திரை, வயிற்று மட்டத்தில் பிடியும் பொத்தானும், முழங்கால் மட்டத்தில் காசு போடும் துளை. சென்னையில் பெரிய கடைவளாகங்களிலும் பொருட்காட்சிகளிலும் சிலர் பார்த்திருப்பீர்கள்.

1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் பேக்-மேன் விளையாட்டை இப்படி ஒரு பெட்டியில்தான் வெளியிட்டது. அந்த விளையாட்டின் நிரல் முழுவதும் 16 கிலோபைட். இன்று காலை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். அந்த 16 கிலோபைட்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி. உள்ளிடத்தில் பெரும்பகுதி பிக்சர் டியூபுக்கும், மின்மாற்றிக்கும், காசுக்கும் போனது. இன்றைக்கு 32 ஜி.பி. மெமரி கார்டு ஒன்று நகத்தளவு. கணக்குப் போட்டால் 16 கிலோபைட்டைப் போல இருபது லட்சம் மடங்கு. அதைச் சொருகும் ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர் வரிசை 2012இல் தொடங்கியது. 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இங்கே வந்திருக்கலாம். திரையும் இப்போது தட்டை. ஆக, அந்தக் காலத்துப் பெட்டியின் அச்சில் இன்று வீட்டில் ஒன்று செய்தால் உள்ளே முக்கால்வாசி காலி.

அந்தக் காலி இடத்தில்தான் எங்கள் கதை தொடங்குகிறது.

என் அக்கா மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். 2023 கோடை விடுமுறையில், ‘மாமா, நாமே ஒன்னு செய்யலாம்’ என்றான். நான் வயரிங், அவன் கம்ப்யூட்டர், மரவேலைக்கு எங்கள் தெரு ஆசாரி. ஆசாரி அந்த வாரம் ஒரு கல்யாண வீட்டுக் கட்டில் வேலையில் இருந்தார். எங்களுக்குப் பொறுமை இல்லை. 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை வாங்கி, அறுத்துக் கொடுக்கும் கடையிலேயே அறுத்து, நாங்களே திருகாணி போட்டுச் சேர்த்துவிட்டோம். பின்பலகைக்குப் பதினான்கு திருகாணி. கறுப்புப் பெயின்ட், பக்கத்தில் மஞ்சள் பட்டை. பார்க்க அம்சமாக இருந்தது.

கட்டில் வேலை முடிந்து ஆசாரி வந்து பார்த்தார். சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்தார். ‘பொட்டி நல்லாத்தான் கீது. உள்ள கைய வுடறதுக்கு வழி எங்க?’ என்றார். பின்பலகையைக் கழற்றினால் போச்சு என்றான் மருமகன். ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த பத்து நாளில் அந்தப் பலகையை ஐந்து தடவை கழற்றினோம்.

முதல் தடவை, ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது. கார்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் கோப்புகள் கெட்டுப்போகலாம். கெட்டுப்போயின. கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டு மறுபடி எழுதவேண்டும். நகத்தளவு கார்டுக்குப் பதினான்கு திருகாணி. இரண்டாம் தடவை ஒரு பொத்தானின் வயர் கழன்றது. மூன்றாம் தடவை என்னவென்று எனக்கே மறந்துவிட்டது. நான்காம் தடவை திருகாணி இறுகவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திய அட்டை. ஒரு தடவை முறுக்கினால் பிடிக்கும். நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் ஓட்டை மாவாகிவிடும். ஐந்தாம் தடவை பலகையை ஒரு நைலான் கயிற்றால் கட்டிவைத்தோம். மஞ்சள் பட்டையின் மேல் பச்சைக் கயிறு.

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். 1972இல் அடாரி நிறுவனம் பாங் என்ற விளையாட்டைச் செய்தது. செய்தவர் ஆலன் ஆல்கார்ன் என்ற இன்ஜினீயர். முதல் பெட்டியைக் கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில், ஆண்டி காப்ஸ் என்ற மதுக்கடையில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் கடையிலிருந்து போன் வந்தது, மிஷின் வேலை செய்யவில்லை என்று. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். சர்க்யூட்டில் பழுது இல்லை. காசு விழுவதற்கு வைத்திருந்த பாத்திரம் நிரம்பி, வழிந்து, காசு வழியையே அடைத்துக்கொண்டிருந்தது. இந்தக் கதையை எல்லோரும் வெற்றியின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு ரிப்பேர்க்காரன் கண். அந்தப் பெட்டிக்கு வந்த முதல் ரிப்பேரே சேமிக்கும் இடத்தின் ரிப்பேர் என்றுதான் தெரிகிறது. பாத்திரம் சின்னது, எடுக்க ஆள் இல்லை.

பிறகு வந்த பெட்டிகளைச் செய்தவர்கள் இதைப் படித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பெட்டி ஒன்றின் முன்பக்கத்தைப் பார்த்தால் இரும்புக் கதவு இருக்கும். பலவற்றில் மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு, இரண்டுக்கும் வேறுவேறு சாவி. மேல்கதவைத் திறந்தால் காசு சிக்குகிற பொறி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி, சோதனைப் பொத்தான். கீழ்க்கதவைத் திறந்தால் காசு. மேல்சாவி மெக்கானிக்கிடம் இருக்கும், கீழ்ச்சாவி முதலாளியிடம். மெக்கானிக்கை நம்பவில்லை என்று சொல்லாமல் சொல்கிற மரவேலை! நம் கோயில் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டு போடுவதும் இதே கதைதான்.

இன்னொன்று சொன்னால் ரசிப்பீர்கள். பல பெட்டிகளில், பிடியும் பொத்தானும் இருக்கிற மேல்பலகைக்கு வெளியே கழற்றக்கூடிய திருகாணி ஒன்றுகூடத் தெரியாது. ஆடுகிறவன் நோண்டிவிடுவானே! அதனால், சாவி போட்டுக் காசுக் கதவைத் திறந்து, அதற்குள் கையை விட்டு, மேலே தடவினால் இரண்டு கொக்கி தட்டுப்படும். அவற்றை விடுவித்தால் மேல்பலகை முன்னால் சாய்ந்து திறந்துகொள்ளும். ஒரு கதவுக்குள் இன்னொரு கதவின் தாழ்ப்பாள். 1985இல் ஜப்பானில் ஜம்மா என்ற பொது இணைப்பு முறை வந்தது. 56 முனைகள் கொண்ட ஒரே சொருகி. பழைய விளையாட்டின் போர்டைக் கழற்றிப் புதியதை மாட்ட வயரை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. கதவைத் திற, சொருகியைப் பிடுங்கு, வேறு போர்டு மாட்டு, மூடு. பெட்டி கடைக்குச் சொந்தம், விளையாட்டு வந்துபோகிற விருந்தாளி என்றாகிவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் எங்கள் பெட்டியைப் பார்த்தேன். பச்சைக் கயிறு.

வெட்கமாக இருந்ததற்குக் காரணம், நம்மிடமே இதற்கு வழி இருந்ததுதான். நெல் கொட்டும் குதிர் உங்களில் எத்தனை பேர் வீட்டில் இருந்தது? கை தூக்குங்கள். நிறைய இருக்கிறது. ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தக் குதிர்தான். மேலே கொட்டுவோம், வாயை மூடி மெழுகிவிடுவோம். எடுப்பது கீழே இருக்கிற சின்னத் துவாரம் வழியாக. கை நுழையும், அடைத்துவைத்தால் பெருச்சாளி நுழையாது. தையல் மிஷினைப் பாருங்கள். ஊசியும் பாபினும் வைக்க மேசையிலேயே டிராயர். வால்வு ரேடியோவின் முதுகில் துளை போட்ட அட்டை, சூடு வெளியேற. 1980களில் சாலிடேர், டயனோரா டி.வி.க்களுக்கு மரப்பெட்டியும் இழுத்து மூடும் ஷட்டரும் பூட்டும் வந்தன. பரீட்சை நேரத்தில் அந்தச் சாவி அம்மாவின் முந்தானையில். பெட்டி செய்கிற எவரும் முதலில் யோசித்தது கை எப்படி உள்ளே போகும் என்றுதான். நாங்கள் பெயின்டை யோசித்தோம்.

காலி இடம் சும்மா இருக்குமா? மருமகன் அதில் பழைய கேசட்டு, கீபோர்டு, வயர் சுருள் எல்லாம் திணித்தான். கூடவே ஒரு பை மல்லாட்டை, நிலக்கடலைதான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. கடலை ரகங்கள் நாடெங்கும் தெரியும். அந்த டி.எம்.வி.யே திண்டிவனத்தின் சுருக்கம்தான். அப்படிப்பட்ட ஊர்க்காரன் பொட்டிக்குள் மல்லாட்டை வைப்பதில் அதிசயம் இல்லை. எலி வந்ததிலும் அதிசயம் இல்லை. அது மல்லாட்டையைத் தின்றுவிட்டு, ஒலிபெருக்கி வயரையும் ருசி பார்த்துவிட்டுப் போனது.

பிறகு ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை. விழுப்புரத்துக்காரர்களுக்கு நான் அந்த ராத்திரியைச் சொல்லத் தேவையில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர் மொட்டைமாடியில் விடிந்தவர்கள். அக்கா வீட்டுக் கூடத்தில் அரை அடித் தண்ணீர் ஒரு பகலும் ஒரு இரவும் நின்றது. வடிந்தபின் பார்த்தால், பெட்டியின் அடிப்பலகை ரஸ்க்கு டீயில் ஊறியது மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம். அதன் கனம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஊதியிருந்தது. ஊரில் மனிதர்கள் இழந்ததற்கு முன்னால் இது ஒரு நஷ்டமே இல்லை. தை பிறக்கும்வரை அந்தப் பெட்டியைப் பற்றி வீட்டில் யாரும் வாயெடுக்கவில்லை.

தைக்குப் பிறகு ஆசாரியே வந்தார். ‘இந்தத் தபா மொதல்ல கதவு, அப்பறம் பொட்டி’ என்றார்.

அவர் வேலை செய்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். 710 கிரேடு பிளைவுட், முக்கால் அங்குலம். ஆசாரி மொழியில் ஆறு நூல். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். பெட்டியின் வெளி அகலம் 24 அங்குலம். இரண்டு பக்கப் பலகையும் போக உள்ளே இருபத்திரண்டரை. டிராயர் சேனலுக்கு ஒரு பக்கம் அரை அங்குலம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் போனால் டிராயரின் அகலம் இருபத்தொன்றரை. இதைத் தாளில் எழுதாமல் ஒரு ரீப்பர் கட்டையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். ‘தாளு காத்துல பறக்கும், கட்ட பறக்காது.’ சேனலுக்கு விட்ட இடத்தில் ஒரு நூல் குறைந்தால் டிராயர் இறுகும், ஒரு நூல் கூடினால் சேனல் ஆடும். கதவுக்குச் சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி. ஐப்பசி மாசத்து ஈரத்தில் மரம் கொஞ்சம் பருத்தாலும் உரசக்கூடாது.

பழைய பெட்டிக்கே ஒரு ஓட்டை போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போடலாம், உங்கள் வீட்டில் தண்ணீர் புகாதவரை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்து போடுங்கள். பெட்டி ஆடாமல் நிற்பது முன்பலகையும் பின்பலகையும் குறுக்கே இழுத்துப் பிடிப்பதால்தான். பின்பலகை இல்லாத புத்தக அலமாரியைத் தோளால் தள்ளிப் பாருங்கள், சாய்சதுரமாகும். பலகை முழுவதையும் எடுத்துவிட்டுக் கதவு வைத்தால் பெட்டிக்கு அந்தப் பிடிப்பு போய்விடும். சுற்றிலும் மூன்று அங்குலச் சட்டத்தை விட்டு நடுவில் மட்டும் அறுக்கவேண்டும். மூலைகளை நேர்கோணமாக வெட்டாமல் கொஞ்சம் வளைத்து எடுத்தால் அங்கிருந்து கீறல் ஓடாது. உள்ளே சட்டத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கட்டை, ஃபெவிகாலும் திருகாணியும். இதில் கஞ்சத்தனம் கூடாது.

கதவு முன்னாலா, பக்கவாட்டிலா, பின்னாலா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. பின்னால் என்றால் ஒவ்வொரு தடவையும் பெட்டியைச் சுவரிலிருந்து இழுக்கவேண்டும். பக்கவாட்டில் என்றால் கதவு திறக்க ஒன்றரை அடி சும்மா கிடக்கவேண்டும். நம் வீடுகளில் அந்த இடத்தில் அரிசி மூட்டை இருக்கும். முன்னால்தான் என்று முடிவானது. பழைய காசுக் கதவு இருந்த அதே இடம். அவர்களும் இதையெல்லாம் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள்.

மருமகனுக்குக் கைப்பிடி பிடிக்காது. தள்ளினால் திறந்துகொள்ளும் பொறி ஒன்றை ஆன்லைனில் வாங்கிவந்து மாட்டினான். அழகுதான். ஆனால் இது நின்று ஆடுகிற பெட்டி. ஆட்டம் சூடு பிடித்தால் முழங்கால் தானாக முன்னால் போகும். ஒவ்வொரு தடவையும் டக்கென்று கதவு திறந்து காலில் இடிக்கும். மூன்றே நாளில் பொறி போய், மரத்தில் குடைந்த குழிப்பிடி வந்தது. துருத்திக்கொண்டிருக்கும் பிடியும் ஆகாது, அது முழங்காலைப் பதம் பார்க்கும்.

டிராயர் அடித்தட்டில், கதவு அதற்கு மேல். ஏன் டிராயர் கீழே? நிறைந்த டிராயரை முழுக்க இழுத்தால் கனம் முன்னால் வருகிறது. அதே நேரம் ஒரு பொடியன் மேல்பலகையில் தொங்கினால் பெட்டி கவிழ்ந்து அவன் மேல் விழும். கனத்தைத் தாழ்வாக வை, பெட்டியின் தலையைச் சுவரில் ஒரு எல் பட்டையால் பிடி. இது இரண்டும் இல்லாத பெட்டியை, குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்காதீர்கள். இதை மட்டும் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

உள்ளே மின்சாரமும் சாமானும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. 230 வோல்ட் வந்து இறங்கும் பவர் சப்ளையையும் டிராயரையும் பிரித்து நடுவில் ஒரு தடுப்புப் பலகை போட்டோம். காற்றுப்போக மேலும் கீழும் துளை. உள்ளே இருக்கும் ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர் 80 டிகிரி சூட்டைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது எளிதில் தொட்டுவிடுகிற எல்லை. துளைகளுக்குக் கொசுவலைக் கம்பி. பவர் சப்ளைக்குள் ஏறிச் செத்த பல்லிகளை முப்பது வருஷம் சாமணத்தால் எடுத்தவன் சொல்கிறேன், வலை போடுங்கள். யாராவது பழைய பிக்சர் டியூப் வைத்த பெட்டி வாங்கி அதற்குக் கதவு வைப்பதாக இருந்தால், தயவுசெய்து நீங்களாக உள்ளே கையை விடாதீர்கள். கலர் டியூபில் 20,000 வோல்ட்டைத் தாண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். என் வலது கை சுண்டுவிரலுக்கு அந்த ஞாபகம் உண்டு.

கடைசியாக அந்த நகத்தளவு கார்டு. நீட்டிப்பு வயர் போட்டு அதன் வாயைக் கதவருகே கொண்டுவரலாம் என்றான் மருமகன். செய்து பார்த்தோம், கார்டை ஒரு சமயம் படிக்கும், ஒரு சமயம் படிக்காது. வாயை இழுப்பானேன், ஆளையே கூப்பிடு என்று கம்ப்யூட்டரைக் கதவின் உள்பக்கத்துக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் மாட்டினோம். பக்கத்தில் ஒரு யு.எஸ்.பி. வாய். சேர்த்துவைத்த ஆட்டமெல்லாம் இப்போது ஒரு பென் டிரைவில். கரண்ட் போனால் கார்டு கெடலாம். அதைக் கதவைத் திறந்து எடுக்க அரை நிமிஷம்.

பழைய விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் என்ற மென்பொருளை இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997இல் வெளியிட்டார். மென்பொருள் இலவசம், அதில் ஓடும் விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படி இல்லை. உரிமை அந்தந்த நிறுவனத்திடம். வாங்கி ஆடுங்கள், இல்லையென்றால் இலவசமாக விட்டவற்றை ஆடுங்கள். மருமகன் இப்போது சொந்தமாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறான். அதில் ஒரு எலி ஓடுகிறது.

பெட்டிக்கு அடியில் இப்போது நாலு அங்குலக் கால், ஒவ்வொன்றுக்கும் ரப்பர் குல்லா, கரையானுக்கும் ஈரத்துக்கும். அரை அடித் தண்ணீர் மறுபடி வந்தால் அந்தக் கால் போதாது, தெரியும். அதற்காகத்தான் டிராயரைத் தனியாகத் தூக்கி எடுக்கும்படி சேனலில் ஒரு நெம்பி வைத்த ரகமாக ஆசாரி வாங்கச் சொன்னார். தண்ணீர் வந்தால் முதலில் டிராயர் பரணுக்குப் போகும். மல்லாட்டைக்குத் தகர டப்பா வாங்கியாகிவிட்டது.

கேள்வி இருந்தால் கேளுங்கள். வயரிங் என்றால் என்னைக் கேளுங்கள். கீல், சேனல், நூல் கணக்கு என்றால் ஆசாரி கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். அந்த ரீப்பர் கட்டையையும் கொண்டுவந்திருக்கிறார்.